யாரும் கவிழ்த்துப் பார்க்காத ஜாடிகள்

திட்டக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் கொளஞ்சி இறந்த செய்தி எனக்கு வந்தது. பக்கத்து இலையில் இருந்தவர், எங்கள் பழைய பீங்கான் கம்பெனியில் என்னோடு எழுத்தராக இருந்தவர். "நம்ம கம்பெனியில கூட்டிகினு இருந்தானே கொளஞ்சி, அவன் போயிட்டானாம், முந்தாநேத்து" என்று சொல்லிவிட்டு, பரிமாற வந்தவரை நிறுத்தி இன்னொரு வடை வாங்கிக்கொண்டார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் நான் எழுந்து போகவில்லை. மோர்ச் சோறு வரைக்கும் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டுத்தான் கை கழுவப் போனேன். ஆகவே இந்தக் கட்டுரையில் மற்றவர்கள் மேல் நான் காட்டப்போகும் அருவருப்பில் எனக்கும் பெரிய பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொளஞ்சியை அறிந்தவர்கள் விருத்தாசலத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சிலருக்கு அவர் கம்பெனியைக் கூட்டியவர். சிலருக்கு குடோன் சூப்பர்வைசர். பலருக்கு ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஸ்டவ்வும் பூட்டும் ரிப்பேர் செய்தவர். முதல் இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் என்னை "சார்" என்பார். நான் அவரை "ஏம்ப்பா கொளஞ்சி" என்பேன், "வா, போ" என்பேன். இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். செத்தவருக்கு மரியாதை கொடுக்க எவனுக்கும் சிரமம் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கம்பெனியில் சேர்ந்தபோது அவர் துடைப்பத்தோடு இருந்தார். சூளைப் பக்கம் சாம்பல் அள்ளுவது, களிமண் கொட்டகையைக் கழுவுவது, ஆபீஸ் கக்கூஸைச் சுத்தம் செய்வது எல்லாம் அவர் வேலை. எங்கள் கம்பெனியில் ஊறுகாய் ஜாடியும் டீக் கோப்பையும் செய்தோம். கோப்பைகள் கொட்டகையில் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். காலால் இடறினால் பத்து உடையும், யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கொளஞ்சிக்கு டீ ஊற்ற மட்டும் கேன்டீன் வேலிக் கம்பியில் ஓர் அலுமினிய டம்ளர் மாட்டியிருந்தது. அவரே எடுத்து, அவரே பிடித்து, குடித்து, கழுவி மாட்ட வேண்டும். நான் உள்ளே பெஞ்சியில் உட்கார்ந்து, அவர் கூட்டிய தரையில் கால் வைத்துக்கொண்டு, புதுக் கோப்பையில் குடிப்பேன். ஒரு நாள்கூட எனக்கு அந்த டீ கசக்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது வாய் கசக்கிறது.

ஒரு தடவை கேன்டீன்காரர் டீயை உயரத்திலிருந்து ஊற்றியதில், கையில் சூடாகத் தெறித்துவிட்டது. கொளஞ்சி கையை உதறிக்கொண்டு, "அண்ணே, எட்ட நின்னு ஊத்தறது இருக்கட்டும், குறி பாத்து ஊத்துங்க" என்றார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எங்களுக்கு அவரை மிகவும் பிடித்திருந்ததற்குக் காரணம் அந்தச் சிரிப்புத்தான். அது எங்களுக்கு வசதியாக இருந்தது.

கொட்டகையைக் கூட்டும்போது துடைப்பக் கட்டையால் ஜாடிகளைத் தட்டிக்கொண்டே போகும் பழக்கம் அவருக்கு இருந்தது. நல்லபடி வெந்த ஜாடி கணீரென்று சொல்லும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கிப்போகும். எங்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும், அவருக்கு அப்படிக் கேட்காது. "இது ஒழுகும்" என்று அவர் தள்ளி வைத்த ஜாடியில் தண்ணீர் ஊற்றிவைத்தால், மறுநாள் காலையில் அடியில் ஈரம் கோத்திருக்கும். சென்னையிலிருந்து வந்த முதலாளி இதை ஒருநாள் நின்று பார்த்தார். மூன்று ஜாடியைத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தார். மூன்றிலும் கொளஞ்சி சொன்னதுதான் நடந்தது. "இவனைக் குடோனில் போடுங்கள்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். மேனேஜருக்கு முகம் எப்படிப் போயிற்று என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் என் முகமும் அப்படித்தான் போயிற்று.

குடோன் சூப்பர்வைசர் என்றால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி உண்டு. முதல் நாள் அவர் போனபோது நாற்காலி இல்லை. யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டாம் நாள் ஒன்று வந்தது, மதியத்துக்குள் அதுவும் போயிற்று. அவர் யாரிடமும் கேட்கவில்லை. மூட்டை கட்டுவதற்கு வைத்திருந்த வைக்கோல் கட்டு ஒன்றை மேஜைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான்கு வருடமும் அதில்தான் உட்கார்ந்தார். "நாற்காலியில உக்காந்தா நாலு பேரு கண்ணு உறுத்துது சார். வைக்கோலு எனக்கு மட்டும்தான் உறுத்தும்" என்றார் ஒருநாள். நாற்காலியை எடுத்துப் போனவர்களில் ஒருவர் யார் என்று எனக்குத் தெரியும். திட்டக்குடிப் பந்தியில் இரண்டாம் வடை வாங்கியவர் அவர்தான்.

கொளஞ்சி வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜாடியையும் புளியங்கட்டை ஒன்றால் இரண்டு தட்டு தட்டுவார். தேறாததைக் கவிழ்த்து, அடியில் அடுப்புக்கரியால் ஒரு பெருக்கல் குறி போட்டு, தனியாக அடுக்குவார். ஏன் அடியில் போடுகிறாய் என்று நான் கேட்டதற்கு, "மேல மெருகு இருக்குது சார், துணி பட்டா போயிடும். அடியில மெருகு கிடையாது, கரி உள்ளார இறங்கிக்கும். தேச்சா மங்கும், போவாது" என்றார். அவர் பார்த்து அனுப்பிய சரக்கில் நான்கு வருடத்தில் ஒரு ஜாடிகூடத் திரும்பி வரவில்லை. முதலாளி அதற்காக மேனேஜரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். கடிதத்தை வாசித்துக் காட்டியது நான். கொளஞ்சி பெயர் அதில் இல்லை.

பிறகு சேலத்தில் இருந்த ஓர் ஊறுகாய் வியாபாரிக்குப் பெரிய லோடு ஒன்று போக வேண்டியிருந்தது. அந்த முறை சூளை சரியாக வேகவில்லை. மூன்றில் ஒரு பங்கு ஜாடிக்குக் கொளஞ்சி கரிக்குறி போட்டுத் தள்ளிவிட்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய மச்சினன் வீட்டில் காரியம் என்று இரண்டு நாள் ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தார். வேகன் வந்து நின்றுவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "கரி வச்சதையும் சேத்து ஏத்திடச் சொல்லுங்க. பொம்பளைங்கள விட்டு அடிய நல்லாத் தேச்சி எடுக்கச் சொல்லுங்க" என்றார். நான் குடோனுக்குப் போய் அப்படியே சொன்னேன். பெண்கள் தேங்காய் நாரும் தண்ணீரும் வைத்துத் தேய்த்தார்கள். நான் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினேன். கரி மங்கியது, போகவில்லை. மேனேஜருக்கு அது தெரியாது. அவர் தம் வாழ்நாளில் ஒரு ஜாடியின் அடியைத் தொட்டுப் பார்த்தவர் அல்ல.

ஊரிலிருந்து திரும்பிய கொளஞ்சி காலி இடத்தைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தள்ளி வச்ச ஜாடியெல்லாம் எங்க சார்?"

"சேலத்துக்குப் போயிடுச்சி."

"யாரு ஏத்தச் சொன்னது?"

"மேனேஜருதான். நான் என்னப்பா செய்யட்டும்."

அவர் என் மேஜையை விரலால் இரண்டு தட்டு தட்டினார். பிறகு, "ஜாடியத் தட்டுனா அது உள்ளத சொல்லிடுது சார். நம்ம ஆபீசருங்களத் தட்டிப் பாக்க முடியலியே" என்றார். நான் சிரித்தேன். அவர் அந்த முறை சிரிக்கவில்லை.

ஊறுகாய் போட்டு இரண்டு மாதத்தில் ஜாடிகள் ஒழுக ஆரம்பித்தன. கோபக்கார வியாபாரி அவற்றைக் கழுவாமல், ஊறுகாயோடேயே வேகனில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். வெயில் காலம். உப்பும் எண்ணெயும் மாங்காயும் சேர்ந்து அழுகி, பூஞ்சணம் பூத்து, வேகன் கதவைத் திறந்தபோது எழுந்த நாற்றத்தில் இரண்டு கூலிகள் அங்கேயே வாந்தி எடுத்தார்கள். கம்பெனி முழுக்க அந்த நாற்றம் ஒரு வாரம் இருந்தது. கேன்டீனில் ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் மேஜை போடச் சொன்னார்கள். இரண்டு பேர் மூக்கிலும் சென்ட் தெளித்த கைக்குட்டை. நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். கொளஞ்சி எதிரில் நின்றார். தட்டிப் பார்க்காமல் அனுப்பினான் என்பது மேனேஜரின் குற்றச்சாட்டு.

"நான் தள்ளுன ஜாடிங்க சார் இது. ஒன்னே ஒன்ன கவுத்துப் பாருங்க. அடியில கரி இருக்கும்" என்றார் கொளஞ்சி.

ஒருவரும் அசையவில்லை. நாற்றம் ஒரு காரணம். அவர் தொட்டது என்பது இன்னொரு காரணம், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கொளஞ்சி தானே போய் ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அழுகிய எண்ணெய் அவர் சட்டையில் வழிந்தது. மேஜைக்கு நான்கடி தூரத்தில் வரும்போதே அதிகாரி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, "அங்கேயே நில்லு, அங்கேயே நில்லு" என்றார். கொளஞ்சி அங்கேயே நின்று கவிழ்த்துக் காட்டினார். நான் இருந்த இடத்திலிருந்தே குறி தெரிந்தது.

"அது அழுக்காகூட இருக்கலாம்" என்றார் ஓர் அதிகாரி.

"நேத்து சாயங்காலம் அவனே போட்டிருப்பான் சார்" என்றார் மேனேஜர்.

கொளஞ்சி ஜாடியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சாருக்குத் தெரியும். சாரு கண்ணால பாத்தாரு. சாரைக் கேளுங்க" என்றார். அவர் குரலில் கெஞ்சல் இல்லை. சாட்சி கைவசம் இருக்கிறவன் பேசுகிற நிம்மதிதான் இருந்தது.

அதிகாரி கைக்குட்டையை எடுக்காமலே என்னைக் கேட்டார். "ஏதாவது பார்த்தீங்களா?"

"கவனிக்கலீங்க சார்" என்றேன்.

சொல்லிவிட்டு, அதையே குறிப்பிலும் எழுதினேன். அந்த வருடம் எனக்குத் தலைமை எழுத்தர் பதவி வர வேண்டியிருந்தது. வந்தது. மேனேஜர் அழுகலைவிட மோசமானவர் என்று பல வருடம் எனக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் தம் தலையைக் காப்பாற்றப் பொய் சொன்னார். என் தலைக்கு அன்று ஓர் ஆபத்தும் இல்லை.

கொளஞ்சியை மறுபடியும் துடைப்பத்துக்கு அனுப்பினார்கள். முதல் வேலையாக அந்த ஜாடிகளைக் கழுவச் சொன்னார்கள். மூன்று நாள் பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புழு நெளியும் ஊறுகாயைக் கையால் வழித்து எடுத்துக் கழுவினார். ஆபீஸ் ஜன்னல் அந்தப் பக்கம்தான். நான் ஜன்னலை மூடிவைத்தேன். கழுவி முடித்த ஜாடிகளை அவர் வெயிலில் கவிழ்த்து வரிசையாக அடுக்கியிருந்தார். அத்தனை அடியும் வானத்தைப் பார்த்தபடி, ஒவ்வொன்றிலும் கரிக்குறி. சாப்பாட்டுக்குப் போகும்போது மேனேஜர் அந்த வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். போனார். நாங்களும் போனோம்.

மறு மாதம் கொளஞ்சி வேலையை விட்டு நின்றுவிட்டார். துடைப்பக்காரராக இருந்த காலத்திலேயே பம்ப்செட்டையும் களிமண் அரைக்கும் மிஷினையும் பிரித்துப் பூட்டுகிறவர்களோடு கூட நின்று கற்றுக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் ரோட்டில் நான்கு மூங்கிலும் ஒரு தகரமும் போட்டு ரிப்பேர் கடை வைத்தார். ஸ்டவ், பூட்டு, டார்ச் லைட்டு, குடை என்று எதைக் கொடுத்தாலும் சரி செய்வார். வேப்பூர், பெண்ணாடம் பக்கத்திலிருந்தெல்லாம் பம்பு கொண்டுவருவார்கள். மேனேஜர் வீட்டு ஸ்டவ்வும் அங்கேதான் போகும். வேலைக்காரி வாங்கிப் போகும்போது, கடை வாசலிலேயே அதன்மேல் தண்ணீர் தெளித்துத்தான் எடுத்துக்கொள்வாள். அப்படிச் செய்யச் சொல்லி எஜமானி உத்தரவு. கொளஞ்சி அதைப் பார்த்துக்கொண்டே, "நல்லாத் தெளி தாயீ. பர்னர்ல எறங்குனா மறுபடியும் எங்கிட்டதான வரணும்" என்பாராம். எனக்கு இது கேள்விப்பட்டதுதான். அந்த ரோட்டில் போவதை நான் விட்டுவிட்டேன். ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தால் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போவேன். விருத்தாசலம் ஒன்றும் பெரிய பட்டணம் இல்லை. ஆறேழு வருடம் ஒருவர் கண்ணில் படாமல் இருப்பதற்கு நிறைய நடக்க வேண்டும். நடந்தேன்.

போன வாரம் அவருக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். தலைமை யார் என்று நினைக்கிறீர்கள்? ஓய்வு பெற்ற அதே மேனேஜர்தான். மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று அவர் பேசினார். "கொளஞ்சி நான் வளத்த புள்ள மாதிரி. எவ்ளோ நாத்தம் புடிச்ச வேலையா இருந்தாலும் மூஞ்சி சுளிக்காம செய்வான். ஒரு சமயம் அழுகுன ஜாடி ஒரு வேகன் வந்திச்சி. ஒத்த ஆளா மூணு நாளு கழுவினான்." கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நாக்கூசாமல் பேசுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் நேரில் பார்த்தேன். அடுத்து என்னைப் பேச அழைத்தார்கள். நல்ல உழைப்பாளி, கலகலப்பானவர், ஈடு செய்ய முடியாத இழப்பு என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மேனேஜர் என் கையைப் பிடித்து அழுத்தினார். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு அந்தக் கையைக் கழுவினேன். பிறகு, கழுவுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது.

மறுநாள் காலையில் கொளஞ்சியின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பச்சையம்மா வாசலில் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"அன்னிக்கி ஜாடி விசாரணையில நான் பொய் சொன்னேம்மா. எல்லாத்தையும் நான் பாத்தேன். அத உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"தெரியும்ங்க."

"அவரு சொன்னாரா?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நானும்தான கூடப் போயிருந்தன், மணவாளநல்லூருக்கு, பிராது கட்ட."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அநியாயம் நடந்தால், யார் மேல் என்ன குறை என்று காகிதத்தில் எழுதி அந்தச் சாமி முன்னால் கட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பிராது என்று பெயர். குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்கிவிட வேண்டும்.

"மேனேஜரு மேல கட்டுனாரா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. உங்க பேர்ல."

பச்சையம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"நானும் கேட்டன். ஏன்யா, கெடுத்தவன் பேர வுட்டுட்டு அந்த சாரு பேர எழுதறியேன்னு. அந்த ஆளு எப்பவும் அப்படித்தான், அவன்கிட்ட எனக்கு என்ன பிராதுன்னாரு. சாரு சொல்லுவாருன்னு நம்பி நின்னன், அவரு வாயத் தொறந்து ஊரறிய சொல்லிட்டாருன்னா மறுநாளே வந்து வாபஸ் வாங்கிக்கிறன்னாரு."

"வாங்கினாராம்மா?"

"நீங்க சொன்னாத்தான வாங்கறதுக்கு."

அவர் முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். கம்பைப் புடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கொளஞ்சியை நினைக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்று மிச்சமிருக்கும். அவர் சிரிப்பு, கைவேலை, நக்கல் என்று நீங்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் விட்டுப்போனது அந்தப் பிராது. சாமிக்கு எழுதிய காகிதத்தில் என் பெயர் இருக்கிறது. இத்தனை பேர் அநியாயம் செய்திருக்க, நியாயத்தை எதிர்பார்த்து அவர் குறை எழுதியது என் ஒருவன் மேல்தான். அந்த மரியாதைக்கு நான் தகுதியில்லாதவன் என்பது எனக்குக் குமட்டும் அளவுக்குத் தெரிகிறது. ஆகவே அன்று வேப்பமரத்தடியில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். ஆம், பார்த்தேன். ஒழுகிய ஜாடிகள் அத்தனையிலும் கரிக்குறி இருந்தது. அதைப் போட்டவர் கொளஞ்சி. அழிக்கச் சொன்னவர் மேனேஜர். போய்ச் சொல்லி, நின்று அழிக்க வைத்தவன் நான்.

பச்சையம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நாளைக்கு அவர் வாசலில், தெருவில் உள்ளவர்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், இதை நான் உரக்கப் படித்தாக வேண்டும்.